செருப்புக்காகக் காலைத் தறிப்பதா?

செருப்புக்கு ஏற்றபடி காலைத் தறிக்கிறதா என்று நம் பாட்டிமார் கேட்பர். இது கேள்வி உருவில் அமைந்த பழமொழி. ‘இல்லை’ என்பதன்றி வேறு விடை அதற்கு இருக்க முடியாது என்ற துணிவிலேயே அவர்கள் அதைக் கேட்டனர். அந்தத் துணிவு இன்று நமக்கு இருக்கிறதா என்பது ஐயத்துக்குரியது. புடவைக்கடையின் நிலைக்கண்ணாடி முன் நிற்கும் ஓர் இளம்பெண்ணை நோக்குங்கள். கையிலெடுத்த சட்டை தோளில் ஏற மறுக்கிறது, இடுப்பிலே இறுகுகிறது. ‘இந்தச் சட்டை எனக்கு அளவில்லை’ என்று அவள் சொல்வதில்லை. ‘நான் கொழுத்துவிட்டேன்’ என்றே சொல்கிறாள். குற்றம் துணியில் இல்லை, தன் தசையிலேயே இருக்கிறது என்று தனக்கெதிராகத் தானே தீர்ப்பு வழங்கிவிடுகிறாள். மறுநாள் காலை அவளுடைய உணவு நின்றுவிடுகிறது.

உடலே அளவு, ஆடை அதற்கு அடங்கி நடக்க வேண்டிய பொருள். இந்த எளிய உண்மையைத் தலைகீழாக்கி, ஆடையை அளவாகவும் உடலைத் திருத்தப்பட வேண்டிய பிழையாகவும் மாற்றி வைத்திருப்பது ஒரு பெரும் வாணிபம். பட்டினி கிடந்து உடலைச் சுருக்கித் தன்மதிப்பைத் தேடும் மார்க்கத்தை நாம் எதிர்க்கிறோம். இருக்கின்ற உடலுக்கு நன்கு பொருந்த ஆடையைத் தைத்து அணிந்து நிமிர்ந்து நடக்கும் மார்க்கத்தை ஆதரிக்கிறோம். ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விடத்தில் நம் அணியைச் சேர்ந்த நண்பர்கள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். ‘நிலம், கூலி, சாதி, இன ஒடுக்குமுறை என்று எத்தனையோ பிரச்சினைகள் கிடக்க, பெண்களின் சட்டையளவைப் பற்றியா எழுதுவது?’ என்று அவர்கள் கேட்பர். ஆடையும் உணவும் அற்ப விஷயங்கள் என்று கருதுபவர் நம் மக்களின் போராட்ட வரலாற்றைச் சரிவரப் படிக்காதவர் என்றே சொல்ல வேண்டும். திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காக ஏறத்தாழ அரை நூற்றாண்டு போராடினர். 1859 இல் வெளிவந்த அரச பிரகடனம்கூட, மேற்சாதிப் பெண்களைப் போன்று அணியலாகாது என்ற நிபந்தனையுடனேயே அவ்வுரிமையை அவர்களுக்கு வழங்கியது. யாழ்ப்பாணத்திலே தாழ்த்தப்பட்ட மக்கள் மேலாடை அணிவது ஆணவம் எனக் கொள்ளப்பட்ட காலம் வெகு தொலைவில் இல்லை. எவர் எதை உடுக்கலாம் என்பதை வகுத்தவர்கள், எவர் நிமிர்ந்து நடக்கலாம் என்பதையே வகுத்தனர். ஆடை துணி மட்டுமன்று என்பது ஒடுக்கியவர்களுக்கும் தெரியும், ஒடுக்கப்பட்டவர்களுக்கும் தெரியும். தெரியாதவர் நம் நண்பர்கள் சிலரே.

உணவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பங்கீட்டரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தி, பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்திய அரசாங்கத்தை எதிர்த்து 1953 ஆகஸ்ட் 12 ஆம் திகதி இந்நாடு ஹர்த்தால் செய்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. வெறும் வயிற்றோடு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளை அந்த நாட்களில் நாம் அனைவரும் கண்டோம். அத்தகைய நாட்டிலே, ஒரே வகுப்பறையில், ஒரே வாங்கில் இரண்டு மாணவியர் அமர்ந்திருக்கின்றனர். வீட்டில் உணவில்லாததால் ஒருத்தி உண்ணவில்லை. உணவிருந்தும், இடை பருத்துவிடும் என்ற அச்சத்தால் மற்றவள் உண்ணவில்லை. இருவரின் பசிக்கும் காரணம் ஒன்றல்ல. ஆனால் இருவரையும் பீடிக்கும் இரத்தச்சோகை ஒன்றே. முதலாமவளுக்காகக் கோஷமிடும் நாம் இரண்டாமவளைக் கேலி செய்து ஒதுக்குவது நியாயமன்று. அவளுடைய தட்டிலிருந்தும் யாரோ ஒருவர் உணவைப் பறித்திருக்கிறார். அவர் யார் என்று கேட்பது நம் கடமை.

அவரை இனங்காண வரலாற்றைச் சிறிது புரட்ட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மேட்டுக்குடிப் பெண் தன் இடையை இறுக்குக்கச்சினால் கட்டி நெரித்தாள். மூச்சு முட்டினாலும் விலா வளைந்தாலும் அதுவே நாகரிகம் எனப்பட்டது. இக்கொடுமையை எதிர்த்து 1881 இல் இலண்டனில் பகுத்தறிவு உடைக் கழகம் என்றொரு சங்கம் தோன்றியது. உடலை நெரிக்காத, நடக்கவும் உழைக்கவும் இடங்கொடுக்கும் உடை வேண்டும் என்று அது வாதாடியது. இருபதாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் அக்கச்சு மெல்ல மெல்லக் கழன்றது. பெண் விடுதலையடைந்தாள் என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் கழன்ற கச்சு வேறு உருவில் உடம்புக்குள்ளேயே புகுந்துகொண்டது. 1918 இல் லூலு ஹண்ட் பீற்றர்ஸ் என்ற அமெரிக்கப் பெண் வைத்தியர் கலோரிக் கணக்கை வீட்டுப் பெண்களுக்குக் கற்பிக்கும் நூலை வெளியிட்டார். அது பல்லாயிரக் கணக்கில் விற்பனையாயிற்று. 1920 களின் இறுதியில், இனிப்புக்குப் பதிலாகச் சிகரெட்டை எடுங்கள் என்று ஒரு புகையிலைக் கம்பனி பெண்களை நோக்கி விளம்பரம் செய்தது. மெலிவு என்ற ஆசையைக் கொண்டு நஞ்சையும் விற்கலாம் என்பதை வர்த்தகர்கள் அன்றே கண்டுகொண்டனர். கச்சை இறுக்க முன்னர் ஒரு தோழி தேவைப்பட்டாள். இப்பொழுது அதுவும் வேண்டியதில்லை; பெண்ணே தன்னைத்தான் இறுக்கிக்கொள்கிறாள்.

இதே காலத்தில்தான் தையற்காரரின் அளவுநாடாவுக்குப் பதிலாகத் தொழிற்சாலையின் அளவிலக்கம் வந்தது. முன்னர் ஆடை ஓர் உடலுக்காகத் தைக்கப்பட்டது. ஆயத்த ஆடையோ எவரென்று தெரியாத ஆயிரம் உடல்களுக்காகத் தைக்கப்படுவது. தபால் மூலம் வாங்கிய ஆடைகள் பொருந்தாமல் திரும்பி வந்ததால் அமெரிக்க வணிகருக்குப் பெரும் நட்டம் ஏற்பட்டது. ஆகவே 1939 இலும் 1940 இலும் அந்நாட்டு விவசாயத் திணைக்களம் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரிலும் 59 அளவுகள் வீதம், அளந்து பார்த்தது. அளக்கப்பட்டோரில் வெள்ளையரல்லாத பெண்களும் இருந்தனர். ஆனால் அவர்களின் அளவுகள் கணக்கிலே சேர்க்கப்படவில்லை. இந்த அடித்தளத்தின் மீதே 1958 இல் அரசாங்கத்தின் அளவு நியமம் எழுந்தது. உடல்கள் அதற்கு அடங்கவில்லை. 1983 இல் அந்நியமம் கைவிடப்பட்டது. அதன் பின்னர் ஒவ்வொரு கம்பனியும் தன் விருப்பப்படி இலக்கமிட்டுக்கொள்கிறது. ஒரு கடையில் பத்தாக இருப்பவள் அடுத்த கடையில் பதினான்காகிறாள். தெருவைக் கடப்பதற்குள் உடல் பருத்துவிடுமா?

ஆகவே, சட்டையின் கழுத்துப்பட்டியில் தைத்திருக்கும் இலக்கம் இயற்கையின் விதியன்று. அது வைத்தியரின் தீர்ப்புமன்று. திரும்பி வரும் பொதிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக எழுந்த கணக்கு அது. அந்தக் கணக்கிலே கறுத்த உடல்கள் எண்ணப்படவேயில்லை. அந்தக் கணக்கின் வழிவந்த இலக்கத்தைக் கண்டே வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் நம் பெண்கள் தம் உடலை நொந்துகொள்கின்றனர். ஏற்றுமதிக்கென்று தைக்கப்பட்டு எஞ்சியவை நம் ஊர்க் கடைகளில் வந்து தொங்குகின்றன. மான்செஸ்ரரில் வாழும் ஒருத்திக்காக வெட்டப்பட்ட துணி தனக்குப் பொருந்தவில்லையே என்று மருதங்கேணியில் ஒருத்தி கண்ணீர் விடுகிறாள். அடிமை மனோபாவத்துக்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் வேறென்ன வேண்டும்?

அந்த ஆடையைத் தைத்தவள் யார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட காலந்தொட்டு இந்நாட்டின் கிராமத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாக இயந்திரங்களின் முன் குனிந்திருக்கின்றனர். போருக்குப் பின்னர் வன்னியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. நாட்டின் பொருள் ஏற்றுமதியில் ஆடையே முதலிடம் வகிக்கிறது. மேலைநாட்டுப் பெண்ணின் உடலைச் ‘சீராக்கும்’ உள்ளாடைகளை இப்பெண்களே தைக்கின்றனர். நேரத்தோடு போட்டியிட்டு, சாப்பாட்டுக்குக்கூட அவசரப்பட்டு, இரத்தம் வெளிறி அவர்கள் தைக்கும் ஆடை, வேறொரு பெண்ணைப் பட்டினி கிடக்கத் தூண்டுகிறது. சங்கிலியின் இரு நுனியிலும் பெண்ணின் வயிறே காய்கிறது. நடுவில் நிற்பவரின் பணப்பையே பருக்கிறது. காலுக்குத் தக்க செருப்பும் கூலிக்குத் தக்க உழைப்பும் என்று நம் முன்னோர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி வைத்தது சும்மாவன்று. இரண்டும் ஒரே நியாயத்தின் இரு பக்கங்கள்.

இனி மெலிவு வாணிபத்தைப் பார்ப்போம். 1963 இல் நியூயோர்க்கில் ஜீன் நிடெச் என்ற இல்லத்தரசி எடை குறைப்போருக்காக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1978 இல் அந்த நிறுவனத்தை வாங்கியது, தக்காளிச் சோசுக்குப் பேர்போன ஹைன்ஸ் உணவுக் கம்பனி. உண்ணச் சொல்லி விற்பவரே உண்ணாதே என்று சொல்லியும் விற்கத் தொடங்கினர். 2000 ஆம் ஆண்டில் யூனிலிவர் கம்பனி இதனினும் ஒரு படி மேலே சென்றது. அதே ஆண்டில் அது ஒரு கையால் ஐஸ்கிறீம் கம்பனி ஒன்றையும் மறு கையால் ஸ்லிம்-பாஸ்ட் என்ற மெலிவுப் பானக் கம்பனியையும் வாங்கியது. 2004 இல் அதே கம்பனி தன் டவ் சவர்க்காரத்தை விற்பதற்காக, எல்லா உடலும் அழகே என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. அதே வேளையில் நம் நாடுகளில் அது விற்றுக்கொண்டிருந்தது, கறுப்பு நிறம் குறை என்று போதிக்கும் களிம்பை. உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பின் 2020 இல் அக்களிம்பின் பெயர் மாற்றப்பட்டது. கொழுப்பூட்டவும், கொழுப்பைக் கரைக்கவும், உள்ளபடியே உன்னை நேசி என்று உபதேசிக்கவும், உன் நிறத்தை வெறு என்று தூண்டவும் ஒரே கல்லாப்பெட்டி! முதலாளித்துவத்துக்குக் கொள்கை கிடையாது. சந்தை மட்டுமே உண்டு என்பதற்கு நாம் தனியாகச் சான்று தேட வேண்டியதில்லை.

இவ்வாணிபத்தின் தந்திரம் நுட்பமானது. மற்றப் பண்டங்கள் பயன் தராவிட்டால் வாங்கியவர் விற்றவரைக் குறை சொல்வார். மெலிவுத் திட்டம் பயன் தராவிட்டாலோ, வாங்கியவர் தம்மையே குறை சொல்கிறார். ‘எனக்கு மனவுறுதி போதாது’ என்று மீண்டும் அதே கடைக்குப் போகிறார். தோல்வியே அடுத்த விற்பனைக்கு விளம்பரமாகிறது. உணவைக் கடுமையாகக் குறைத்து எடையிழந்தோரில் மிகப் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் இழந்ததைத் திரும்பப் பெறுகின்றனர் என்பது இத்துறை அறிந்தோர் ஒப்புக்கொள்ளும் உண்மை. அது மனவுறுதியின் குறையன்று; பஞ்சத்தைத் தாங்கிப் பழகிய உடலின் தற்காப்பு.

இதற்குக் கண்கூடான சான்று ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 இலும் 1945 இலும், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்ஸல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் பட்டினியின் விளைவுகளை ஆராய்ந்தார். போரில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்கள் மனமுவந்து அதற்கு உடன்பட்டனர். அவர்களுக்கு 24 வாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி கொண்ட உணவே கொடுக்கப்பட்டது. எடையில் காற்பங்கு போயிற்று. போனது எடை மட்டுமன்று. உற்சாகமும் சிரிப்பும் நட்பும் போயின. திடகாத்திரமான அவ்விளைஞர்கள் சமையற் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டும், தட்டை நக்கிக்கொண்டும், உணவைத் தவிர வேறெதையும் நினைக்க இயலாமல் சோர்ந்து கிடந்தனர். மீண்டும் உண்ணத் தொடங்கியபோது, இழந்ததற்கு மேலாகவே கொழுப்பு அவர்களின் உடலில் ஏறியது. இதைப் பட்டினி என்று பெயரிட்டு விஞ்ஞானம் ஆராய்ந்தது. ஆனால் பெண்களிடம் விற்கப்படும் உணவுப் பட்டியல்கள் பல 1,200 கலோரியுடன் நின்றுவிடுகின்றன. அதற்குப் பெயர் ‘அழகுக் குறிப்பு’! ஆணுடலுக்கும் பெண்ணுடலுக்கும் தேவை வேறு என்பது உண்மையே. ஆயினும் பசி பசியே. பசித்த மூளைக்கு அட்சரகணிதமும் ஏறாது, அரசியலும் ஏறாது.

உடலை வெறுக்கும் இந்த நோய் பெண்ணின் பிறவிக்குணம் என்று சிலர் தத்துவம் பேசுவர். பீஜித் தீவுகளின் அனுபவம் அத்தத்துவத்தைத் தகர்த்தெறிகிறது. தடித்த உடலையே வளத்தின் அடையாளமாகப் போற்றிய சமூகம் அது. 1995 இல் நாட்ரோகா மாகாணத்துக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற மானிடவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் அவ்வாண்டிலும் 1998 இலும் அங்குள்ள பாடசாலை மாணவியரை ஆராய்ந்தனர். உணவுப் பழக்கம் சீர்குலைந்தமைக்கான அறிகுறிகளைக் காட்டியோர் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகப் பெருகியிருந்தனர். எடையைக் குறைப்பதற்காக வலிந்து வாந்தியெடுத்தவர் 1995 இல் ஒருவருமில்லை. 1998 இலோ 11.3 சதவீதத்தினர் அவ்வாறு செய்தனர். இயற்கை மூன்றாண்டுகளில் மாறுவதில்லை. மாறியது அவர்கள் பார்த்த சித்திரம். தொலைக்காட்சி வீட்டு மண்டபத்தோடு நின்றது. கைத்தொலைபேசியோ படுக்கைவரை வருகிறது என்பதை ஆசிரியர்கள் மறந்துவிடலாகாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபத்துக்கு விடையளிக்க வேண்டும். ‘நீரிழிவும் இருதய நோயும் மலிந்த நாட்டில் உணவுக் கட்டுப்பாட்டை எதிர்ப்பது பொறுப்பற்ற செயலல்லவா?’ என்று வைத்தியர்கள் கேட்கலாம். நோயாளிக்கு வைத்தியர் விதிக்கும் பத்தியத்தை நாம் எதிர்க்கவில்லை. சீனியையும் கோதுமை மாவையும் குறைத்துக் குரக்கனும் கீரையும் பருப்பும் உண்ணச் சொல்வதையும், நாள்தோறும் நடக்கச் சொல்வதையும் இரு கரம் நீட்டி வரவேற்கிறோம். நாம் எதிர்ப்பது, சட்டைக்காகக் கிடக்கும் பட்டினியை. இரண்டையும் ஒன்றெனக் குழப்புவது வர்த்தகரின் வேலை, வைத்தியரின் வேலையன்று. உடல் எடைக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை 1830 களில் வகுத்தவர் கெற்லே என்ற பெல்ஜிய நாட்டுக் கணிதவியலாளர். அவர் நோயாளரைச் சோதிக்க முற்பட்டவரல்லர். மக்கட் கூட்டத்தின் சராசரியைத் தேடியவர். 1972 இல் அதற்கு உடற்றிணிவுச் சுட்டி என்ற பெயரைச் சூட்டியவரும் முன் சொன்ன அன்ஸல் கீஸே. 1998 இல் அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் அந்தச் சுட்டியின் எல்லையைக் கீழிறக்கியபோது, நேற்றுவரை அளவானவர்களாக இருந்த கோடிக்கணக்கானோர் ஒரே நாளில் மிகையெடையினர் ஆயினர். நம்மைப் போன்ற தென்னாசியரோ மெலிந்த தோற்றத்துடனேயே நீரிழிவுக்கு ஆளாகின்றனர் என்பது வைத்திய உலகம் அறிந்த செய்தி. ஆகவே மெலிவு சுகத்துக்கு அத்தாட்சியுமன்று. பருமன் ஒழுக்கக்கேட்டுக்கு அத்தாட்சியுமன்று. இரத்தத்தைச் சோதித்து அறிய வேண்டியதைக் கண்ணாடியைப் பார்த்து அறிய முயல்வது அறிவீனம்.

இன்று மெலிவுக்கு ஊசியும் வந்துவிட்டது. நீரிழிவு நோயாளருக்கு அது நல்ல மருந்து. 2021 இல் எடை குறைப்புக்கென்றே அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அதன் போட்டியைத் தாங்கமாட்டாது, 1963 இல் தோன்றிய அந்த எடைகுறைப்பு நிறுவனம் 2025 மே மாதத்தில் வங்குரோத்துப் பாதுகாப்பைக் கோரி நீதிமன்றம் சென்றது. அறுபது ஆண்டுகளாக மனவுறுதியை விற்றவர்கள் ஊசிக்கு முன் மண்டியிட்டனர். பண்டம் மாறலாம், வெட்கம் என்ற மூலப்பொருள் மாறவில்லை. அந்த மூலப்பொருளின் வரத்தை நிறுத்துவதே நம் வேலை.

எப்படி நிறுத்துவது? அளவுநாடாவைத் தையற்காரரின் கைக்குத் திருப்பிக் கொடுப்பது முதற்படி. நல்ல தையற்காரி எவரையும் நோக்கி ‘மெலிந்து வா’ என்று சொல்வதில்லை. தோள்மூட்டுத் தையல் தோள் எலும்பின் முனையில் இருக்கிறதா, கையைத் தூக்கும்போது அக்குளில் பிடிக்கிறதா, மார்பைத் தாண்டிய துணி இடைக்கு வந்ததும் தொங்குகிறதா என்பவற்றையே அவள் பார்க்கிறாள். பருத்த உடலுக்கு எல்லாவிடமும் பெருப்பித்துச் சாக்குப்போலத் தைப்பது தையலறியாதவன் வேலை. தோளுக்கு அளவாக வெட்டி, வயிற்றுக்கு இடம் விட்டு, துணியின் விழுகையை அறிந்து தைத்தால் அவளே கண்ணாடியில் வேறொருத்தியாகத் தெரிவாள். உடலில் ஓர் இறாத்தலும் குறையவில்லை. ஆயினும் கழுத்து நிமிர்ந்திருக்கிறது. உள்ளே இரண்டு விரலளவு துணியை மடித்துவிட்டால், உடல் மாறும்போது தையலைப் பிரித்து விடலாம். வளரும் பெண்ணுக்கும் பிள்ளைபெற்ற தாய்க்கும் உடல் மாறுவது இயல்பு என்று அந்த மடிப்பு ஒப்புக்கொள்கிறது. இலக்கமிட்ட ஆடையோ அதை ஒப்புக்கொள்வதில்லை.

இங்கும் ஒரு போலியை இனங்காண வேண்டும். ‘குறையை மறைக்கும் ஆடை’ என்று வேறொரு வாணிபம் இருக்கிறது. கறுப்பை உடு, நெடுங்கோட்டை உடு, குறுக்குக் கோட்டை உடாதே என்று அது சட்டம் வகுக்கிறது. குறுக்குக் கோடுகள் உருவத்தை உயரமாகக் காட்டுவதைப் பெண்களின் உடையிலேயே காணலாம் என்று ஹெல்ம்ஹோல்ற்ஸ் என்ற ஜேர்மன் விஞ்ஞானி 1867 இலேயே பார்வையின் உடலியல் பற்றிய தம் பெருநூலில் எழுதிவிட்டார்; அச்சட்டத்தின் விஞ்ஞானம் இவ்வளவுதான்! அதைவிட முக்கியமானது, மறைப்பதற்கு அங்கே குற்றமொன்றும் இல்லை என்பது. பொருந்தும் ஆடை வேறு. ஒளிக்கும் ஆடை வேறு. ஒளிக்கும் ஆடையை அணிந்தவள் நாள் முழுவதும் தன்னையே காவல் காக்கிறாள். பொருந்தும் ஆடையை அணிந்தவளோ அதை மறந்துவிடுகிறாள். ஆடையின் உயர்ந்த இலக்கணம், அணிந்தவர் அதை மறந்துவிடுவதே.

இது வெறும் அழகியல் வாதமன்று. 1998 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மாணவர்கள் தனியறையில் நீச்சலுடையை அல்லது கம்பளிச் சட்டையை அணிந்துகொண்டு கணக்குப் போட்டனர். நீச்சலுடை அணிந்த பெண்கள் கணக்கில் பின்தங்கினர். ஆண்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. யாரும் பார்க்கவில்லை, ஆயினும் அவர்கள் தம்மைத் தாமே பார்த்துக்கொண்டிருந்தனர். தன் உடலைக் கண்காணிக்கும் மூளையில் மற்றவற்றுக்கு இடம் குறைந்துவிடுகிறது என்பதே ஆய்வாளர் கண்ட முடிவு. அக்குளில் இறுகும் சீருடையுடன் கரும்பலகைக்கு வர மறுக்கும் மாணவிக்கு விடை தெரியாமலில்லை. எழுதக் கையைத் தூக்கவே அவள் அஞ்சுகிறாள்.

சேலை இவ்விஷயத்தில் நமக்கு ஒரு பாடம். அதற்கு இலக்கமில்லை. அது உடலை அளப்பதில்லை; உடலைச் சுற்றி வருகிறது. மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் அதே சேலை. ஆயினும் சேலையைக் கட்டாயமாக்கும் கூட்டத்தோடு நாம் சேரமாட்டோம். 2022 நவம்பரில் ஆசிரியைகள் சிலர் வேறு உடையில் பாடசாலைக்கு வந்தபோது பண்பாட்டுக் காவலர்கள் எழுப்பிய கூக்குரல் நினைவிருக்கலாம். எரிபொருட் பஞ்சத்தில் பஸ்ஸில் தொங்கி வந்த பெண்ணுக்கு எந்த உடை வசதி என்பதைத் தீர்மானிக்க வேண்டியவள் அவளே. சேலையின் தத்துவத்தைக் கொள்வோம்; அதைச் சட்டமாக்கும் அதிகாரத்தை மறுப்போம்.

இன்னொரு நல்ல முன்மாதிரியும் நம் கையிலேயே இருக்கிறது. அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்குவது தைத்த சட்டையன்று, சீருடைத் துணி. அத்துணியை ஊர்த் தையற்காரி ஒவ்வொரு பிள்ளையின் உடலுக்கும் அளந்து தைக்கிறாள். இந்த ஏற்பாட்டில், உடலே அளவு என்ற தத்துவம் பொதிந்திருக்கிறது. அதைக் காப்பதும் விரிப்பதும் நம் பொறுப்பு. தைத்த கூலியைக் கொடுக்க வழியில்லாத வீடுகளுக்கு அக்கூலியையும் அரசே வழங்க வேண்டும் என்று நாம் கோர வேண்டும். மனைப்பொருளியல் பாடத்திலுள்ள தையற்கலையை மாணவிகளுக்கு மட்டும் ஒதுக்காமல் மாணவர்க்கும் கற்பிக்க வேண்டும். ஊசி பிடிக்கத் தெரிந்தவன் உடலைக் கேலி செய்யத் தயங்குவான். விளையாட்டு மைதானத்திலும் மேடையிலும் நாட்டிய நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளைத் தெரியும்போதும் ‘குண்டு’, ‘ஒல்லி’ என்ற சொற்களை ஆசிரியர்களே முதலில் கைவிட வேண்டும். இந்நாட்டுப் பெண்களை அளந்து, இந்நாட்டுச் சந்தைக்குரிய அளவு நியமத்தை வகுக்குமாறு ஆடை உற்பத்தியாளரை வற்புறுத்த வேண்டும். உலகத்துக்கெல்லாம் தைத்துக் கொடுக்கும் நாட்டுக்குத் தன் மக்களுக்குத் தைக்கத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவர்?

நல்ல சட்டை ஒன்று சமூகத்தை மாற்றிவிடும் என்று நாம் மயங்கவில்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை சீதனத்தை ஒழிக்காது, கூலியை உயர்த்தாது. ஆனால் தன் உடலை வெறுத்துக்கொண்டிருப்பவள் கூலியைக் கேட்கவும் சீதனத்தை மறுக்கவும் எழுந்து நிற்பது கடினம். அவளுடைய நேரமும் பணமும் சிந்தனையும் அந்த வெறுப்பிலேயே கரைந்துவிடுகின்றன. அவற்றை மீட்டுக் கொடுப்பது அரசியற் பணியே. அப்பணி சட்டசபையில் தொடங்க வேண்டியதில்லை. நாளைக் காலை முதற் பாடவேளையிலேயே தொடங்கலாம். உண்ணாமல் வந்த பிள்ளை எவள் என்று கேட்போம். இல்லாமையால் உண்ணாதவளுக்கு உணவைத் தேடுவோம். அச்சத்தால் உண்ணாதவளிடம், உன் உடலில் பிழையில்லை, பிழை துணியில் இருக்கிறது, துணியை வெட்டித் திருத்தலாம் என்று சொல்வோம்.